பைன் காட்டின் அடியில்

கோடை விடுமுறை வந்ததும் டில்லியிலிருந்து காத்கோதாம் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து மோட்டார் வண்டியில் நைனிதால், ராணிகேத், அல்மோரா என்று மலையேறும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அடிவாரத்துச் சால் மரங்களைக் கடந்து சில வளைவுகள் ஏறியவுடன் காற்றின் மணம் மாறுகிறது. நெடிதுயர்ந்த பைன் மரங்கள் சாலையின் இருபுறமும் வந்து நிற்கின்றன. அவற்றினூடே வெயில் தரைவரை தடையின்றி இறங்குகிறது. தரையில் பழுப்பு நிறத்தில் ஊசி இலைகள் மெத்தை விரித்தாற்போல் கிடக்கின்றன. குழந்தைகள் இறங்கி ஓடிக் காய்ந்த கூம்புகளைப் பொறுக்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அல்மோராவுக்கு அருகே ஒரு சிற்றூரில் நாங்கள் தங்கியிருந்தபோது, உடன் வந்த என் தமக்கையார் இக்காட்சியைக் கண்டு, "யாரோ தினமும் பெருக்கி வைத்தாற்போல் எவ்வளவு துப்புரவு!" என்று வியந்தார். அதை நான் ஹிந்தியில் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிய அம்முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதே சரிவில் என் பாட்டி மாட்டுக்குத் தழை ஒடித்தாள். என் மருமகள் இன்று தழைக்கு இரண்டு மலை தாண்டிப் போகிறாள். துப்புரவு என்று நீங்கள் சொல்வது அதைத்தான்" என்றார். வெட்கத்துடன் அதை மீண்டும் தமிழாக்கித் தமக்கையாரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, இரண்டு வாக்கியங்களைப் பெயர்க்க அன்று பட்ட பாடு அதிகம்.

அன்று எழுந்த கேள்வியின் விடையே இக்கட்டுரை. ஒரு காட்டின் அடியில் என்ன முளைக்கும், என்ன முளைக்காது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? மண்ணும் மழையுமா, அல்லது சட்டமும் அரசாங்க உத்தரவுமா? குமாவோன் மலைகளைப் பொறுத்தவரை இரண்டுமே என்பதுதான் விடை. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கதை நூறாண்டுக்கு மேல் நீள்கிறது.

பெரிய மரங்களின் கீழ் வளரும் புல், பூண்டு, கொடி, புதர், இளங்கன்று அனைத்தையும் சேர்த்துக் குறிக்கத் தமிழில் ஒரே சொல் வேண்டுமானால் 'அடிக்காடு' என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தை எண்ணிக் கணக்கெழுதும் அதிகாரி அடிக்காட்டை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் மலைநாட்டுக் குடும்பத்தின் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. மாட்டுக்குப் புல், தொழுவத்தில் விரிக்கச் சருகு, வயலுக்கு எரு, மருந்துக்கு வேர், பிள்ளைகளின் வாய்க்கு இரண்டு காட்டுப்பழம், எல்லாம் அங்கிருந்தே வரவேண்டும்.

இம்மலைகளின் பைன் மரத்தைத் தாவர நூலார் வில்லியம் ராக்ஸ்பர்க் பெயரால் அழைக்கிறார்கள். 1776-இல் சென்னைக்கு மருத்துவராக வந்து, பிற்காலத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராக விளங்கியவர் அவர். ஏறத்தாழ 1,500 அடி முதல் 6,500 அடி வரையில் இம்மரம் பரவியுள்ளது. மும்மூன்றாகச் சேர்ந்த நீண்ட ஊசி இலைகளை உடையது. வெயிலை மிக விரும்புவது. வறண்ட மண்ணையும் பாறைச் சரிவையும் வெறுக்காதது. பட்டை தடித்திருப்பதால் முதிர்ந்த மரத்தைத் தரைத்தீ எளிதில் கொல்வதில்லை. இளங்கன்றின் தலை கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பதுண்டு.

இதன் மேல் எல்லையிலும், ஈரமான வடக்குச் சரிவுகளிலும் வளர்வது 'பாஞ்ஜ்' எனப்படும் ஓக் மரம். அகராதி இதற்குக் 'கருவாலி' என்று பெயர் தருகிறது. அச்சொல்லைக் கேட்டு எந்த மரமும் நம் கண்முன் எழுவதில்லையாதலால் நானும் பாஞ்ஜ் என்றே எழுதுகிறேன். பாஞ்ஜ் காட்டில் நுழைந்தால் பைன் காட்டின் வெளிச்சம் இல்லை. கிளைகளில் பாசி, காலடியில் கறுத்த மெத்தென்ற மண், ஃபெர்ன் செடிகள், கொடிகள். இடையிடையே செந்நிறப் பூக்கள் குலுங்கும் 'புராஞ்ஸ்' மரம். இதன் நெருங்கிய உறவினம் ஒன்று நமது நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளின் ஓரத்தில் பூக்கிறது. அங்கே அதைக் காட்டுப் பூவரசு என்பார்கள். இடையில் இத்தனை நூறு மைல் சமவெளி கிடக்க, ஒரே குடும்பத்து மரம் இமயத்திலும் நம் மலையிலும் நிற்பதைக் காணும்போது, வெளியூரில் வாழும் நமக்குச் சற்று ஆறுதல் பிறக்கத்தான் செய்கிறது.

பைன் காட்டின் அடியில் செடிகள் குறைவாக இருப்பதற்கு நிழல் காரணமன்று. அதன் நிழல் மெல்லியது. காரணத்தைத் தரையில் தேடவேண்டும். பழைய ஊசி இலைகள் பெரும்பாலும் சித்திரை, வைகாசி வெயிலில் உதிர்கின்றன. மலைமக்கள் இதைப் 'பிரூல்' என்பார்கள். பிரூல் எளிதில் மக்குவதில்லை. ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகச் சேர்கிறது. அதன்மேல் விழும் விதை மண்ணைத் தொடுவது அரிது.

இன்னொன்றும் உண்டு. நைனிதாலிலுள்ள குமாவோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சிங் முதலிய மூவர் 1984-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டில் இதை எடுத்துக்காட்டினார்கள். இலை உதிருமுன் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பைன் மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. சத்தில்லாத சருகே கீழே விழுகிறது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் தேவைக்கு மண்ணிலிருந்த தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தழைச்சத்து மிகுதியாக வேண்டும் பாஞ்ஜ் கன்று அங்கே தலையெடுக்க முடிவதில்லை. சிக்கனக்காரன் வீட்டில் விருந்தாளி தங்குவானா?

ஆகவே அங்கே தங்குபவை சிக்கனத்திற்குப் பழகிய செடிகளே. தழைச்சத்தைக் காற்றிலிருந்து தாமே சேர்த்துக்கொள்ளும் அவரைக் குடும்பத்துச் செடிகள் சில. நமது அவுரியின் இனத்தைச் சேர்ந்த 'சகினா' அவற்றுள் ஒன்று. புளிப்பும் இனிப்புமான பழம் தரும் 'காஃபல்' மரத்திற்கும் வேரில் இதே வித்தை உண்டு. மஞ்சள் நிற வேரும் முள்ளும் கொண்ட 'கில்மோரா', மஞ்சள் பழம் தரும் 'ஹிசாலூ', செம்பழம் தரும் 'கிங்காரூ' ஆகிய முட்புதர்கள் ஆட்டின் வாய்க்குத் தப்பி நிற்கின்றன. இவற்றிடையே புல் இருக்கிறது. நெருப்பில் மேலே கருகினாலும் மண்ணுக்குள் அடிக்கட்டை உயிரோடிருக்கும் புல். அவற்றுள் ஊசிப்புல்லின் விதை வியப்புக்குரியது. அதன் நீண்ட வால் ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்தும் காய்ந்தால் முறுக்கிக்கொண்டும் விதையை மண்ணுக்குள் திருகி இறக்கிவிடுகிறது. தீ வரும்போது விதை பத்திரமாகக் கீழே இருக்கும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் பைன் காட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. தீயோடுதான் இந்தக் கதையில் அரசாங்கம் நுழைகிறது.

கூர்க்கர்களுடன் நடந்த போரின் முடிவில் 1815-இல் குமாவோன் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கோடையில் பைன் சரிவுகளுக்குத் தீ வைப்பது ஊராரின் வழக்கம். காய்ந்த பிரூல் எரிந்து போகும். மழை விழுந்ததும் பசும்புல் கிளம்பும். மாடு வழுக்கி விழாமல் மேயும். புல் வேண்டிச் செய்த வேலை அது. பாஞ்ஜ் காட்டிற்கு அவர்கள் தீ வைத்ததில்லை. நீரூற்றின் தலையில் நிற்கும் காட்டை எரிக்க யாருக்கு மனம் வரும்?

1878-இல் இந்திய வனச் சட்டம் வந்தது. 1893 அக்டோபரில், அளந்து பட்டா தரப்படாத நிலம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடு என்று குமாவோனில் அறிவிக்கப்பட்டது. 1911-க்கும் 1917-க்கும் இடையே அதில் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட காடாக மாறியது. எத்தனை மாடு மேயலாம், எங்கே தழை ஒடிக்கலாம் என்றெல்லாம் விதிகள் வந்தன. ஊரார் தீ வைப்பது குற்றமாயிற்று. தீப் பிடித்தால் காட்டில் உரிமை பெற்றவர் வந்து அணைக்க வேண்டும் என்பதும் சட்டம்.

இவ்வளவு அக்கறை ஏன்? பைன் மரம் விலை பெற்றுவிட்டது. கிரியோசோட்டு எண்ணெயில் ஊறவைத்தால் பைன் கட்டையையும் ரயில்பாதைக்குச் சிலீப்பர் கட்டையாக இடலாம் என்று தெரிந்தது. மரத்தைக் கீறி வடிக்கும் பிசினிலிருந்து டர்ப்பன்டைன் தைலமும் ரோசினும் எடுக்கும் தொழில் வளர்ந்தது. முதல் உலகப் போர் இரண்டிற்கும் கிராக்கியைக் கூட்டியது. பரேலிக்கு அருகே கிளட்டர்பக்கஞ்சு என்னும் இடத்தில் பிசின் ஆலை எழுந்தது. அவ்வூரின் பெயரே ஒரு வன அதிகாரியின் பெயர். பாஞ்ஜ் மரமோ கோணலும் கணுவுமாக வளர்வது. மலைநகரங்களின் அடுப்புக்கும் கரிக்கும் அன்றி வியாபாரத்திற்கு உதவாதது. மாட்டுக்குத் தீனியாவதும் மண்ணுக்கு எருவாவதும் வருமானக் கணக்கில் ஏறுவதில்லையே!

பைன் காட்டை நடத்த வன அதிகாரிகள் ஒரு முறையை வகுத்தார்கள். ஒரு பகுதியில் விதை தருவதற்காக ஏக்கருக்குச் சில மரங்களை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை வெட்டிவிடுவது. தழைக் குப்பையைக் குவித்து எரிப்பது. விதை விழுந்து கன்று கிளம்பிய பின் பல ஆண்டுகளுக்கு மேய்ச்சலையும் தீயையும் விலக்குவது. கன்றுகள் நிலைத்ததும் விதை மரங்களையும் வெட்டி எடுப்பது. இதனால் ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே வயதுடைய மரங்களாகிவிடும். டேராடூனில் பணிபுரிந்த ஆர். எஸ். ட்ரூப், 1921-இல் வெளியிட்ட இந்திய மரங்களைப் பற்றிய மூன்று தொகுதிகளில் இம்மரத்தின் இயல்பை மிக நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அவர்கள் மரத்தை அறியாதவர்கள் அல்லர். அதன் கீழிருந்த செடியை நம்பி வாழ்ந்தவர்களைத்தான் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரே வயதுக் காட்டின் அடிக்காடும் ஒரே போக்கில்தான் நடக்கும். வெட்டிய புதிதில் வெயில் பாய்ந்து புல் மண்டும். கன்றுகள் உயர்ந்து நெருங்கும்போது புல் மெலியும். நெருக்கமான இளம் பைன் காட்டில் பிரூலைத் தவிரத் தரையில் ஏதும் தெரியாது. இடையிடையே மரம் கழித்து இடைவெளி விட்டால் மறுபடியும் புல்லும் புதரும் வரும். முதிர்ந்த பிறகு, தீயும் ஆடும் எட்டாமலிருந்தால், பறவைகள் கொண்டுவந்த விதையிலிருந்து அகன்ற இலை மரங்கள் எட்டிப் பார்க்கும். அந்தக் கட்டம் வருமுன் காடு மீண்டும் வெட்டப்படும், அல்லது எரியும். பிசின் இறக்குவதற்காகக் கீறிய காயத்தில் தீ எளிதில் பற்றும் என்பதால் மரத்தைச் சுற்றித் தரையைச் சுரண்டி வைப்பதும் ஒரு வேலையாயிற்று.

1921-ஆம் ஆண்டு பிறந்தபோது குமாவோன் கொதித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் பாகேசுவரத்தில், உத்தராயணத் திருவிழாக் கூட்டத்தில், பத்ரி தத்த பாண்டே முதலியோர் தலைமையில் மக்கள் கட்டாயச் சுமை கூலிக்கான பதிவேடுகளைச் சரயு நதியில் வீசினார்கள். அதே ஆண்டுக் கோடையில் காடுகள் எரிந்தன. மின்னலாலோ கவனக்குறைவாலோ அன்று. வேண்டுமென்றே வைத்த தீ. இலட்சக்கணக்கான ஏக்கர் கருகியது.

இத்தீயைப் பற்றி ராமச்சந்திர குகா 1989-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு செய்தியைக் கவனித்து எழுதியிருக்கிறார். எரிந்தவை அரசாங்கம் கட்டைக்கும் பிசினுக்கும் வளர்த்த பைன் காடுகள். அகன்ற இலைக் காடுகள் ஏறத்தாழ முழுவதும் தீண்டப்படவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். அந்த மக்களின் கோபத்திற்கு எந்த மரம் யாருடையது என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

அரசாங்கம் அவ்வாண்டே கமிஷனர் விண்டம் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு குறைகளைக் கேட்டது, பரிந்துரைத்தது. காடுகள் இரண்டு வகுப்பாயின. வியாபார மதிப்புக் குறைந்தவை முதல் வகுப்பு. கட்டுப்பாடு தளர்ந்து வருவாய்த் துறையின் பொறுப்பில் விடப்பட்டன. வியாபார மதிப்புள்ளவை இரண்டாம் வகுப்பு, வனத்துறையிடமே நின்றன. கோவிந்த வல்லப பந்த் 1922-இல் குமாவோன் காட்டுப் பிரச்சினையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. மக்கள் உயிராகப் போற்றிய பாஞ்ஜ் காடு, முதல் வகுப்பாகி, ஊருக்கும் முழுச் சொந்தமின்றி அரசாங்கத்தின் காவலும் இன்றி நின்றது. பழைய ஊர்க்கட்டுப்பாடு குலைந்திருந்தது, புதியது வரவில்லை. ஊரை ஒட்டிய காடுகள் ஒடிக்கப்பட்டு மொட்டையாயின. மொட்டைச் சரிவில் முதலில் வந்து குடியேறும் மரம் எது? இறகு கட்டிய விதையைக் காற்றில் அனுப்பும் பைன்தான். நான் தங்கியிருந்த ஊரின் சரிவும் இப்படித்தான் பைனுக்குப் போயிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அங்கே யாரும் பைன் நட்டதாக அம்முதியவருக்கு நினைவில்லை.

1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஊரார் கூடித் தேர்ந்தெடுக்கும் ஐவர் முதல் ஒன்பதின்மர் வரையிலான சபை, ஊருக்கடுத்த காட்டை ஆளும். நன்றாக நடந்த பஞ்சாயத்துகள் அடிக்காட்டைத்தான் முதலில் கவனித்தன. புல்லறுக்கத் திறக்கும் நாள் எது, தழை எவ்வளவு ஒடிக்கலாம், காவற்காரனுக்கு வீட்டுக்கு வீடு என்ன கொடுப்பது, இவையே அவர்கள் பேசிய பொருள். நடக்காதவையும் பல. பின்வந்த திருத்தங்கள் அரசு அலுவலர்களின் கையையே ஓங்கச் செய்தன என்னும் குறையும் அங்கே கேட்கக் கிடைக்கிறது.

சுதந்திரம் வந்த பின்னும் வெட்டும் ஏலமும் நின்றுவிடவில்லை. 1973-இல் மண்டல் ஊரிலும் 1974-இல் ரேணி ஊரிலும் மரத்தைக் கட்டித் தழுவிக் காத்த சிப்கோ இயக்கத்தை நேயர்கள் அறிவார்கள். அதன் பயனாக 1981-இல், 1,000 மீட்டர் உயரத்திற்கு மேல் பச்சை மரம் வெட்டுவதற்குத் தடை வந்தது. தடை நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆனால் பைனையும் பாஞ்ஜையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை. வெட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை என்றானபோது பைன் காடுகள் முதிர்ந்தன, பிரூல் சேர்ந்தது. இளைஞர்கள் சமவெளி நகரங்களுக்குப் போய்விட, மாடுகள் குறைந்து, சருகு வாருவோரும் குறைந்தார்கள். 2000-இல் தனி மாநிலமான உத்தரகண்டில் இன்று ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டேர் பைன் காடு நிற்கிறது. 2016-இல் தீ பரவியபோது விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு காட்டில் கொட்ட நேர்ந்தது. 2024-இலும் அதே காட்சி.

அடிக்கடி எரியும் இடங்களில் வெளிநாட்டுச் செடிகளும் நுழைந்துவிட்டன. கீழ்ச்சரிவுகளில் நம் ஊரில் உண்ணிச்செடி என்கிறோமே, அது. மேலே ஈரமான இடங்களில் மெக்ஸிகோவிலிருந்து வந்த 'காலா பாசா'. மாடு இரண்டையும் தொடாது. பார்வைக்குப் பச்சையாக இருப்பதால் அடிக்காடு செழித்துவிட்டதாகத் தோன்றும். பசுமை எல்லாம் தீனி ஆகாது.

பைன் மரமே ஊற்றுகளை வற்றச் செய்கிறது என்று மலைநாட்டில் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வறண்ட தெற்குச் சரிவு பைனுக்கு இயற்கையாகவே உரியது. அங்கே பாஞ்ஜ் என்றும் அடர்ந்து நின்றிருக்காது. வறட்சியைப் பைன் கொண்டுவந்ததா, வறட்சி பைனைக் கொண்டுவந்ததா என்பதை ஒவ்வொரு சரிவிலும் தனியே விசாரிக்க வேண்டும். ஆனால் பாஞ்ஜ் நின்ற ஈரமான சரிவு பைனுக்கு மாறி, அதுவும் ஆண்டுதோறும் எரிந்து, மழைநீரைப் பிடித்து நிறுத்தச் செடியும் மக்கும் இல்லாமல் போனால், ஊற்று என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. குற்றவாளிக் கூண்டில் மரத்தை மட்டும் ஏற்றுவது, ஏற்றியவர்களுக்கு வசதியானது.

நம் நீலகிரி, பழனி மலைகளில் நிலைமை வேறு. அங்கே பைன் இனங்கள் யாவும் வெளியிலிருந்து கொணர்ந்து நட்டவை. புல்வெளிமேல் நட்டவையும் அவற்றுள் பல. என்றாலும் அருகே சோலை எஞ்சியுள்ள இடங்களில், பழைய பைன் தோப்பின் நிழலிலும் சீகை மரத் தோப்பின் நிழலிலும் சோலை மரங்களின் கன்றுகள் தாமாக எழுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்நிய மரத்தை அடியோடு வெட்டுவதா, அதன் நிழலைச் சோலைக்குத் தொட்டிலாக விட்டுவைப்பதா என்ற விவாதம் அங்கே தீரவில்லை.

பௌரி கர்வாலில் உஃப்ரைங்கால் என்னும் ஊரில் சச்சிதானந்த பாரதி என்ற பள்ளி ஆசிரியர், சுற்றுவட்டார ஊர்ப் பெண்களைத் திரட்டி, சரிவுகளில் மழைநீர் நிற்கச் சிறுசிறு குழிகள் வெட்டி, அகன்ற இலை மரங்களை நட்டுவந்தார். 1980-களில் தொடங்கிய வேலை அது. குழியோரத்து ஈரத்தில் முதலில் வந்தது புல்.

எங்கள் வீட்டுக்காரரும் தம் ஊர் வனப் பஞ்சாயத்து சுவர் கட்டி அடைத்த ஒரு துண்டு நிலத்துக்கு என்னை அழைத்துப் போனார். மேலே பைன்தான். பத்து ஆண்டுகளாகத் தீ உள்ளே வரவில்லையாம். பிரூலைப் பெண்கள் ஆண்டுதோறும் வாரிவிடுகிறார்களாம். முழங்கால் உயரப் புல், அதனிடையே ஹிசாலூ. ஒரு கில்மோராப் புதரைக் கைத்தடியால் விலக்கிக் காட்டினார். முள்ளுக்கு நடுவே, ஆட்டின் வாய் எட்டாத இடத்தில், ஒரு சாண் உயரத்தில் பாஞ்ஜ் கன்று ஒன்று நின்றது. அதன் இலையைத் திருப்பி வெள்ளைப் பூச்சுள்ள அடிப்புறத்தைக் காட்டினார். பிறகு புதரைப் பழையபடி மூடிவிட்டு, "வெளியில் சொல்லாதீர்கள், ஆட்டுக்காரர்களுக்குக் காது உண்டு" என்றார். அவர் சொன்னதை மதித்து ஊரின் பெயரை நான் எழுதவில்லை.